உங்களுக்குத் தெரியுமா? சேலை விற்றாலும் விசாவுக்கு ஆபத்து!

சங்கரன்கோவிலிலிருந்து பிரிட்டனுக்குப் படிக்கப் போனவர், நம்மூர் விசைத்தறிச் சேலைகளை வரவழைத்து அங்கே விற்று வியாபாரம் செய்தால் அது விதிமீறல். மாணவர் விசாவில் சொந்தத் தொழிலுக்கு இடமில்லை. கடையில் சம்பளத்துக்கு நிற்கலாம். பட்டப்படிப்பு மாணவருக்குப் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் உச்சவரம்பு. வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 10, அடுத்த வாரம் 30 என்று சரிக்கட்டும் நம்மூர்க் கணக்கு அங்கே செல்லாது. சம்பளமில்லாத வேலைக்கும் இதே கணக்குதான்!

ஆஸ்திரேலியாவில் பாடம் நடக்கும் காலத்தில் மாணவர் வேலைக்கான உச்சவரம்பு, 2023 ஜூலை முதல், இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். கனடாவில் 2024 நவம்பர் முதல், வளாகத்துக்கு வெளியே வாரம் 24. “அங்கே போய்ப் பார்த்துக்கலாம்” என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள்; விசா நிபந்தனைகளை நீங்களே படித்துவிடுங்கள்.