உவர்மண்ணில் இயற்கைப் பால்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளங்களுக்குப் பெயர் பெற்ற நெய்தல் நிலம். இங்கு ஓரிரு கறவை மாடுகளை வளர்ப்போர் இயற்கைப் பால் உற்பத்தி செய்ய இயலுமா? வேதி உரமும் பூச்சிக்கொல்லியும் இன்றி விளைந்த தீவனத்தையே மாடு உண்ண வேண்டும் என்பது முதல் விதி. சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. உப்பு விளையும் மண்ணில் புல் விளையத் தயங்குவது இயல்புதானே! உவர்ப்பை ஓரளவு தாங்கும் நீர்ப்புல் போன்ற சிலவே கைகொடுக்கும். எனவே, வைக்கோலும் பிண்ணாக்கும் வெளியிலிருந்து வர வேண்டும். திண்டிவனம் வட்டாரத்து நிலக்கடலைப் பிண்ணாக்கு சத்து மிக்கது. ஆயினும், அக்கடலைக்குப் பூச்சிக்கொல்லி தெளித்திருந்தால் பால் இயற்கைப் பால் ஆகாது. சொந்த நிலத்தில் தீவனம் பயிரிட்டாலும், நிலம் சான்று பெறப் பொதுவாக 2 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

மடிநோய் மற்றொரு சோதனை. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் பூசும் மரபுமுறை தொடக்க நிலையில் உதவும். நோய் முற்றியபின் நுண்ணுயிர்க்கொல்லியை மறுப்பது மாட்டை வதைப்பதாகும். அதனை அளித்தாலோ, விதித்த காலம்வரை அப்பாலை இயற்கைப் பால் என விற்க இயலாது.

இத்தனைக்கும் பிறகு, கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் அளந்தே விலை தரப்படுகிறது. எல்லார் பாலும் ஒரே கலனில் கலந்துவிடுகிறது. தனி விலை வேண்டுவோர் புதுச்சேரி போன்ற அண்மை நகரங்களில் வாடிக்கையாளரைத் தாமே தேடி, பால் கெடுமுன் கொண்டு சேர்க்க வேண்டியுள்ளது.