குழந்தையின் தட்டிலிருந்து எடுத்ததற்கு ஈடு எங்கே?

கழித்தல் கணக்கு

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், குரோம்பேட்டை, மேடவாக்கம் என்று தாம்பரத்தைச் சுற்றி இயற்கை அங்காடிகள் பெருகிவிட்டன. வரகு, சாமை, கருப்புக் கவுனி, செக்கு எண்ணெய், நாட்டுச்சர்க்கரை எல்லாம் அலமாரி நிறையக் கிடைக்கின்றன. நல்லதுதான். ஐம்பது வயதுக்காரர் சர்க்கரை நோய்க்குப் பயந்து மைதாவையும் சீனியையும் நிறுத்தினால் அவருக்கு லாபமே. அதே பட்டியல் ஒன்றரை வயதுக் குழந்தையின் தட்டுக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பால் சளி பிடிக்கும், முட்டை சூடு, கோதுமை ஒத்துக்கொள்ளாது, நெய் கொழுப்பு என்று ஒவ்வொன்றாகக் கழிகிறது. கழித்த இடத்தில் என்ன வைத்தோம் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. குழந்தை உணவைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

தவிர்த்தால் பாதுகாப்பா?

தவிர்ப்பதே பாதுகாப்பு என்ற நம்பிக்கையை நேராகச் சோதித்தது யூதக் குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆய்வு. பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பூர்வீகம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் வேர்க்கடலை ஒவ்வாமை பிரிட்டனில் 1.85 சதவீதம், இஸ்ரேலில் 0.17 சதவீதம். பிரிட்டன் வீடுகளில் கைக்குழந்தைக்குக் கடலையைக் காட்டவே பயந்தார்கள். இஸ்ரேலிலோ பல் முளைக்கும் பருவத்திலேயே ‘பம்பா’ என்ற வேர்க்கடலைப் பொரியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இது வெறும் தற்செயலா என்று பார்க்க, கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை இரு பிரிவாக்கி ஐந்து வயதுவரை கவனித்தார்கள். 2015இல் முடிவு வந்தது. கடலையைத் தவிர்த்த பிரிவில் 17.2 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை. சாப்பிட்ட பிரிவில் 3.2 சதவீதம். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்த காரியமே நோயை வளர்த்திருக்கிறது. (இதைப் படித்துவிட்டு முழுக்கடலையை வாயில் போட்டுவிடாதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும். அரைத்துக் குழைத்துத்தான் தர வேண்டும். கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாது.)

பாலை நிறுத்தும்போது

ஒவ்வாமையைவிட நம் ஊருக்கு நெருக்கமான ஆபத்து சத்துக் குறைவு. வைட்டமின் பி12 எந்தத் தானியத்திலும் கீரையிலும் பழத்திலும் நம்பத்தக்க அளவில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி, இல்லையென்றால் மருந்து, வேறு வழியில்லை. 2016-18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதுள்ளவர்களில் 31 சதவீதம் பேருக்கு இந்தச் சத்து போதவில்லை. பால்கூட தொடாத தாய்க்கே பி12 இல்லாதபோது தாய்ப்பாலிலும் அது குறைகிறது. கொழுகொழுவென்று இருக்கும் குழந்தை ஆறேழு மாதத்துக்குப் பிறகு மந்தமாகிறது. தலை நின்ற குழந்தைக்குத் தலை நிற்பதில்லை, சிரிப்பு நிற்கிறது, கைவிரல் முட்டிகள் கருக்கின்றன, சில குழந்தைகளுக்குக் கை கால் நடுக்கமும் வருகிறது. முட்டி கருத்ததை வெயில் என்று நினைத்துக் கடலை மாவு பூசிக்கொண்டிருந்தால் காலம் போய்விடும்.

பாலுக்குப் பதில் பாதாம் பானம், அரிசிப் பானம் என்று டப்பாவில் விற்கிறார்கள். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மாட்டுப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 3 கிராம் புரதம் உண்டு. இந்தப் பானங்கள் பலவற்றில் 1 கிராம்கூடத் தேறாது. அரிசிப் பானத்தையே முக்கிய உணவாகக் குடித்த குழந்தை புரதமின்றி உடல் வீங்கியதையும், சோயா பானத்தை நம்பிய குழந்தைக்கு எலும்பு வளைந்ததையும் அமெரிக்க மருத்துவர்கள் 2001இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். இரு வீட்டிலும் வறுமை காரணமல்ல, ஆரோக்கியம் என்ற எண்ணம்தான்.

பாட்டி வளர்ந்தது கூழில்தானே?

கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அதன் அருமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பாட்டியின் கூழுக்குப் பக்கத்தில் மோரும் கருவாடும் முருங்கைக்கீரையும் இருந்தன. அந்தத் தலைமுறையில் பிழைக்காமல் போன குழந்தைகள் இன்று நமக்குக் கதை சொல்ல வருவதுமில்லை. தவிடு நீக்காத சிறுதானியத்திலுள்ள பைட்டேட் இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பில் சேரவிடாது. முளைகட்டுவதும் புளிக்க வைப்பதும் அதைக் குறைக்கும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. நார் மிகுந்த உணவு சின்ன வயிற்றைச் சீக்கிரம் நிரப்பிவிடும், தேவையான கலோரி சேராது. ஒரு கரண்டி நெய்யோ எண்ணெயோ அங்கே உதவும்.

சைவக் குடும்பங்கள் நன்றாகத்தானே வளர்கின்றன என்பது நியாயமான கேள்வி. வளர்கின்றன, தயிர்சாதம் இருப்பதால். சத்துணவுக் கூடத்தில் முட்டை வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். பழத்தில் பி12 இல்லை. வீட்டில் பாலும் தயிரும் அதை ஈடுகட்ட வேண்டும். பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானத்தை நிறுத்தினால் மட்டும் எந்த ஈடும் தேவையில்லை, தாராளமாக நிறுத்துங்கள். நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான். ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது.

நோன்பிலும் விலக்கு உண்டு

உணவுக் கட்டுப்பாட்டில் யூத மதத்தைவிடக் கறாரானது குறைவு. பாலையும் இறைச்சியையும் ஒன்றாகச் சாப்பிடாத அவர்களும் யோம் கிப்பூர் நோன்பைச் சிறுமிக்கு 12, சிறுவனுக்கு 13 வயது ஆகும்வரை கட்டாயமாக்கவில்லை. நம் ஏகாதசியிலும் ரம்ஜானிலும் குழந்தைக்கு விலக்கு உண்டு. மதங்கள் காட்டிய இந்த இளக்கத்தை ஆரோக்கிய உணவுக் கொள்கை காட்டுவதில்லை.

கொள்கைக்காகப் பாலை நிறுத்தத்தான் வேண்டுமென்றால், நிறுத்துவதற்கு முன்பே குழந்தைகள் நல மருத்துவரிடம் பி12, இரும்பு, வைட்டமின் டி பற்றிக் கேட்டு மருந்தைத் தொடங்கிவிடுங்கள். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்த்துத் தாய்-சேய் நல அட்டையில் குறித்து வாருங்கள். இரண்டு மாதம் எடைக்கோடு ஏறாவிட்டால், உணவு எத்தனை இயற்கையானதாக இருந்தாலும், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ குழந்தை மருத்துவரிடமோ உடனே போய்விடுங்கள்.