கெர்னலின் 16 கேபி

ராமகுப்பத்திலிருந்து ஒரு பொறியியல் மாணவர் எழுதியிருக்கிறார். ஒரு ஃபங்ஷனுக்குள் 20 கேபிக்கு அர்ரே வைத்தாராம். சாதாரண நிரலாக ஓட்டியபோது ஒரு குறையுமில்லை. அதையே லினக்ஸ் கெர்னல் மாட்யூலுக்குள் போட்டதும் கணினி அப்படியே நின்றுவிட்டது. "16 ஜிபி ராம் இருந்தும் ஏன் சார்?" என்கிறார்.

ராம் எவ்வளவு இருந்தால் என்ன, ஃபங்ஷனுக்குள் வைக்கும் அர்ரே உட்காரும் ஸ்டாக்குக்கு ஒதுக்கியது கொஞ்சம்தானே! சாதாரண நிரலுக்கு லினக்ஸ் வழக்கமாக 8 எம்பி வரை விட்டுக்கொடுக்கும். கெர்னலுக்குள் போய்விட்டால், 64 பிட் இன்டெல் வகைக் கணினியில் த்ரெட்டுக்கு 16 கேபிதான். 512இல் ஒரு பங்கு. அது வளரவும் வளராது. இதுவும் 2014இல் 3.15 பதிப்போடு கிடைத்த சலுகை. அதற்கு முன் 8 கேபி. 32 பிட் காலத்தில் 4 கேபியில் ஒப்பேற்றவும் பார்த்தார்கள். ஏனென்றால் 8 கேபிக்கு மெமரியில் அடுத்தடுத்து இரண்டு பக்கங்கள் காலியாக இருக்க வேண்டியிருந்தது. நாள்கணக்கில் ஓடும் கணினியில் அப்படி ஜோடியாகக் கிடைப்பது சிரமம்.

கோப்பில் ஒரு வரி எழுதச் சொன்னால்கூட உள்ளே பெரிய ஊர்வலமே நடக்கும். ஃபைல் சிஸ்டம் மெமரி கேட்கும். மெமரி இல்லையென்றால் பழைய பக்கங்களை டிஸ்கில் எழுதக் கிளம்பும், அது டிஸ்க் டிரைவரை எழுப்பும். முதலில் கூப்பிட்டவர் திரும்பும்வரை அத்தனை பேரின் லோக்கல் மாறிகளும் ஸ்டாக்கிலேயே கிடக்கும்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை கம்பைலர் செய்யும் உபகாரம். ஒரு ஃபங்ஷன், பிழை வந்தால் மட்டும் சின்ன உதவி ஃபங்ஷன் ஒன்றைக் கூப்பிடுகிறது. செய்தி எழுத அதற்கு 500 பைட் வேண்டும். வேகம் கூடட்டும் என்று கம்பைலர் சின்னதைப் பெரியதற்குள்ளேயே கரைத்துவிடுகிறது. அதன்பின் பிழையே வராத நாளிலும் அந்த 500 பைட்டைச் சுமந்துகொண்டுதான் பெரிய ஃபங்ஷன் ஆழத்தில் இறங்கும். என் மாமா ஊருக்குக் கிளம்பினால் குடை, கம்பளி, தொப்பி மூன்றும் பையில் ஏறிவிடும். வெளியே வருவது ஒன்றுதான், தோள்வலி மூன்றுக்கும். இப்படிக் கரைக்காதே என்று கம்பைலரிடம் சொல்வதற்கென்றே கெர்னலில் 'நோஇன்லைன்_ஃபார்_ஸ்டாக்' என்றொரு அடைமொழி வைத்திருக்கிறார்கள்.

பெரிய அர்ரே என்றால் 'கேமல்லாக்' மூலம் வெளியே இடம் வாங்கிக்கொள்ளலாம். கிடைக்காமலும் போகலாம் என்பதால் விடையைச் சரிபார்க்க வேண்டும். ஓடும்போது அளவு தீர்மானமாகும் அர்ரேக்களை 2018இல் 4.20 பதிப்போடு கெர்னலிலிருந்தே துடைத்துவிட்டார்கள். எவ்வளவு தின்னும் என்று முன்கூட்டிக் கணக்குச் சொல்ல முடியாததை இவ்வளவு காலம் விட்டுவைத்ததுதான் ஆச்சரியம்.

மெமரி மலிந்ததும் நமக்குக் கணக்குப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. கல்லூரியில் ரிகர்ஷன் என்றதும் ஃபிபனாச்சி போர்டில் ஏறுகிறது. ஒரு அழைப்புக்கு எத்தனை பைட் என்று கேட்கும் ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான்: சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் முதல் சட்டைப்பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு வரை ஓடுவது இதே கெர்னல்தான்.

தம்பி, உங்கள் கணினி நின்றதுகூட நல்லதுக்கே. முன்பெல்லாம் ஸ்டாக் நிரம்பி வழிந்தால் பக்கத்து மெமரியைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். 2016இல் வந்த 4.9 பதிப்பிலிருந்து, ஸ்டாக்கின் எல்லையில் யாரும் தொடக்கூடாத காவல் பக்கம் ஒன்றை வைக்க வழி வந்தது. தொட்டால் அங்கேயே பிடிபடும். 64 பிட்டில் ஒரு ஃபங்ஷன் 2048 பைட்டைத் தாண்டினால் கம்பைலரும் வழக்கமாக எச்சரிக்கும். உங்கள் திரையிலும் அந்த வரி ஓடியிருக்கும், தேடிப் பாருங்கள். கெர்னல் மூலநிரல் கையிலிருந்தால் கம்பைல் செய்துவிட்டு 'மேக் செக்ஸ்டாக்' கொடுங்கள். அதிகம் தின்னும் ஃபங்ஷன்களைப் பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும்.