இரண்டாவது பிளக்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற வழக்கல்ல இது; 2007இல் தொடங்கி 2019 வரை இழுத்தது. ஆனாலும் ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டுகிறவருக்கு அரை நிமிஷத்தில் புரியும்.

2007 ஆகஸ்ட்டில் ஓசூர் டிவிஎஸ் மோட்டார், 'ஃபிளேம்' என்ற 125 சிசி பைக்கை அறிவித்தது. மூன்று வால்வு, இரண்டு ஸ்பார்க் பிளக். சின்ன என்ஜினில் இரட்டை பிளக் எங்கள் காப்புரிமை, 2002லேயே விண்ணப்பித்தோம் என்று பஜாஜ் ஆட்டோ கிளம்பியது. இரண்டாவது பிளக் எதற்கு? காரணம் எளிது. ஒரே பிளக் என்றால் ஒரு பக்கம் பற்றும் தீ மறுபக்கம் பரவ நேரமாகும். பெட்ரோல் குறைந்த கலவையில் இன்னும் மந்தம். இரண்டு இடத்தில் பொறி வைத்தால் அந்தத் தூரம் குறையும்.

டிவிஎஸ் திருப்பிக் கேட்டது: இரட்டை பிளக் ஹோண்டாவின் பழைய அமெரிக்கக் காப்புரிமையிலேயே இருக்கிறதே? அதையே சின்ன என்ஜினில் பொருத்துவது தொழில் தெரிந்த எவருக்கும் தோன்றாதா? தோன்றும் என்றால் கொடுத்த காப்புரிமையும் ரத்தாகிவிடும். அதுதான் சட்டம்.

அந்தத் 'தொழில் தெரிந்தவர்' மேதையும் அல்ல, வழிப்போக்கரும் அல்ல. 1978இல் மிர்சாப்பூர் பாத்திரப் பட்டறை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லேத்தில் சுழலும் பாத்திரம் கழன்று பறக்காமல் இருக்க, லேத்தின் மறுமுனையான டெயில்ஸ்டாக்கிலிருந்து ஒரு கூர்முனையை வைத்து அழுத்திப் பிடிக்கும் முறை. இது பட்டறையில் யாரும் செய்கிற சீர்திருத்தம், கண்டுபிடிப்பல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. டர்னர் ஒருவர் நீதிபதியாக இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்!

ஆனால் விடை தெரிந்தபின் எந்தக் கணக்கும் சுலபம். அதனால் தோன்றுமா என்ற கேள்வியை இன்றைக்கு நின்று கேட்கக் கூடாது. விண்ணப்பம் போட்ட 2002 ஜூலையில் நின்று கேட்க வேண்டும். பெரிய கம்பெனி வழக்கறிஞர்களே சறுக்குகிற இடம் இது.

2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி இரட்டை பிளக்குக்கு இடைக்காலத் தடை விதித்தார். டிவிஎஸ் ஒற்றை பிளக்கோடு ஃபிளேமை இறக்கியது. 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. அந்தச் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளைத் தினமும் விசாரித்து நான்கு மாதத்தில் முடியுங்கள் என்று உத்தரவிட்டது. நான்கு மாதம்! பத்து ஆண்டு கழித்து இரு கம்பெனிகளும் தாமாகவே சமரசம் செய்துகொண்டன. காப்புரிமையின் 20 ஆண்டு ஆயுளில் அப்போது மூன்று ஆண்டுகூட முழுதாக மிச்சமில்லை.