இலவச வைரம்!

“வைரம் இலவசம்! காசே வேண்டாம். இந்த ‘ஆப்’பைப் போட்டால் போதும்!”

செல்போனில் இப்படி ஒரு விளம்பரம் வருகிறது. பையன் பார்க்கிறான். ஆசை பிறக்கிறது.

இது காதில் போடும் வைரம் அல்ல. ‘ஃப்ரீ ஃபயர்’ என்ற துப்பாக்கி விளையாட்டில் செலவாகும் வைரம். விளையாடுவதற்குக் காசு இல்லை. ஆனால், ஆட்டக்காரனுக்குப் புதுச் சட்டை மாட்ட வேண்டுமா? துப்பாக்கிக்கு மினுமினுப்பு வேண்டுமா? பணம் கட்டி வைரம் வாங்க வேண்டும். பணம் இல்லாத பையன் குறுக்கு வழி தேடுகிறான்.

2022 பிப்ரவரியில் ‘ஃப்ரீ ஃபயர்’ இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’ தப்பியது. குறுக்கு வழிக்காரர்களும் தப்பிவிட்டார்கள்!

யாருடைய பேரேடு?

ஆரணிப் பட்டு நெசவாளருக்கு இந்தச் சூது எளிதில் விளங்கும். அவருக்கு வர வேண்டிய கூலி முதலாளியின் பேரேட்டில் இருக்கிறது. அவர் தம் வீட்டு நோட்டில் “வரவு ரூ. 10,000” என்று எழுதிக்கொண்டால் பணம் வந்துவிடுமா?

வைரக் கணக்கும் அப்படித்தான். அது விளையாட்டுக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பையனின் போனில் இல்லை. போனில் போடும் ‘ஆப்’ அந்தக் கணக்கை எப்படி ஏற்றும்?

அப்படியானால், அந்த ‘ஆப்’ எதற்கு வருகிறது?

கூலிப் பணத்துக்கு வலை

தறி வீட்டில் அப்பா குழித்தறியில் உட்கார்ந்திருப்பார். அவருடைய போன் மகன் கையில் இருக்கும். கூலி வந்து சேரும் வங்கிக் கணக்கும் அதே போனில்தான். வங்கி அனுப்பும் ரகசிய எண்ணும் அதே போனுக்குத்தான் வரும்.

கள்ள ‘ஆப்’ முதலில் அனுமதி கேட்கும். “குறுஞ்செய்தியைப் படிக்கலாமா? திரையைப் பார்க்கலாமா?” வைர ஆசையில் பையன் எல்லாவற்றுக்கும் “சரி” என்று அமுக்குவான். பிறகு ரகசிய எண் வந்தால், அப்பாவுக்கு முன்னால் திருடன் படித்துவிடுவான்.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் சில கருவிகள் பூட்டைத் திறந்தும் விடும். அதுதான் பெரிய ஆபத்து. “வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டுப் போடு” என்பார்கள். காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறப்பதா?

2019-ல் ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டில் குறி தவறாமல் சுட வைக்கும் கருவி என்று ஒன்று உலவியது. உள்ளே இருந்தது ‘சிர்க்’ என்ற நாச நிரல். அது படங்களையும் கடிதங்களையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. கொடுக்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அழிப்பு!

செம்புக் கம்பியை ஜரிகை என்று கொடுத்தால் ஆரணிக்காரர் உரசிப் பார்த்தே சொல்லிவிடுவார். ‘ஆப்’பை உரசிப் பார்க்க முடியாது.

போட்டுவிட்டால்?

உடனே போனின் இணையத்தை நிறுத்த வேண்டும். வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்ல வேண்டும். அந்த ‘ஆப்’பை நீக்க வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். சீக்கிரம் பேசினால், திருடன் எடுப்பதற்குள் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு.

பையனைத் திட்டுவது அப்புறம். எந்த ‘ஆப்’பைப் போட்டான் என்று அவனுக்குத்தானே தெரியும்!