கணினிசார் அமைப்பு உயிரியலில் கார்த்திக் ராமனின் ஆய்வுநெறி: காசநோய்க் கிருமி முதல் விண்வெளி நிலையம் வரை

திறவுச்சொற்கள்: அமைப்பு உயிரியல், வளர்சிதை மாற்றம், பாய்வுச் சமநிலை, காசநோய், நுண்ணுயிர்க் குழுமம்

முன்னுரை

உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் இந்தியாவில் உள்ளனர். இந்நோய்க்குக் காரணமான மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ் என்னும் நுண்ணுயிரியின் மரபணுத்தொகுதி 1998இல் முழுமையாக வாசிக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 4,000 மரபணுக்கள் இருப்பது தெரியவந்தது. ஆனால் அவற்றுள் எதைத் தடுத்தால் கிருமி மடியும் என்பதை அப்பட்டியல் கூறாது. ஒவ்வொன்றாக ஆய்வகத்தில் நீக்கிப் பார்க்கக் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாகும். தேட வேண்டிய பரப்பைக் கணக்கீட்டால் முன்கூட்டியே சுருக்கித் தருவதே சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் கார்த்திக் ராமனின் ஆய்வுகளை இணைக்கும் இழை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முறையின் அடிப்படை

இதனைத் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையைக் கொண்டு விளக்கலாம். பௌர்ணமி இரவில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். ஒவ்வொருவரின் நடைவேகத்தையும் அளப்பது இயலாது. ஆயினும் அக்னி லிங்கத்தருகே ஒரு மணி நேரத்தில் வந்துசேர்வோர் எண்ணிக்கையும் கடந்து செல்வோர் எண்ணிக்கையும் சமம் எனக் கொள்ளலாம் (வழியில் அமர்ந்து இளைப்பாறுவோரை இங்கு விட்டுவிடலாம்). சந்திப்புகள் அனைத்துக்கும் இவ்வாறு சமன்பாடு எழுதினால், எச்சாலையில் எவ்வளவு கூட்டம் செல்ல இயலும் என்பதற்கு எல்லை வகுக்க முடியும். உயிரணுவில் வேதிப்பொருள்களே சந்திப்புகள், வேதிவினைகளே சாலைகள், அவற்றைத் திறந்து வைப்பவை நொதிகள். ஒவ்வொரு பொருளும் உண்டாகும் அளவும் செலவாகும் அளவும் சமம் எனக் கொண்டு, உயிரணுவின் வளர்ச்சி மிக உயர்ந்த அளவை எட்டும் பாய்வை நேரியல் திட்டமிடல் வழியே கண்டறிவதே பாய்வுச் சமநிலைப் பகுப்பாய்வு. ஒரு நொதியை நீக்குவது ஒரு சாலையை அடைப்பதற்கு ஒப்பாகும். அடைத்தபின் வளர்ச்சி நின்றுவிடுமாயின் அந்நொதி மருந்துக்குரிய இலக்காகலாம்.

காசநோய் ஆய்வுகள்

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் நாகசுமா சந்திராவின் வழிகாட்டுதலில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட காலத்தில், காசநோய்க் கிருமியின் மெழுகு போன்ற உறைக்கு அடிப்படையான மைக்கோலிக் அமிலம் உருவாகும் பாதையை அவர் எடுத்துக்கொண்டார். 2005இல் வெளியான அம்மாதிரியில் 197 வேதிப்பொருள்களும் 219 வினைகளும் 28 புரதங்களும் இடம்பெற்றன. ஐசோநியசிட் மருந்து தாக்கும் நொதியும் இப்பாதையைச் சேர்ந்ததே. புதிய இலக்குகளாக அவ்வாய்வு முன்வைத்தவற்றுள் பிகேஎஸ்13 ஒன்று. 2017இல் வேறோர் ஆய்வுக்குழு, இந்நொதியைத் தடுக்கும் சேர்மம் எலிகளில் காசநோயைக் கட்டுப்படுத்துவதைக் காட்டியது. எனினும் மைக்கோபாக்டீரியங்களுக்கு இந்நொதி இன்றியமையாதது என்பதற்கு ஆய்வகச் சான்று 2004லேயே இருந்தது. ஆகவே இதனைக் கணக்கீட்டின் தனி வெற்றியாகக் கொள்வது மிகையாகும்.

2008இல் வெளியான டார்கெட்டிபி ஆய்வு முழு மரபணுத்தொகுதியையும் அடுத்தடுத்த சல்லடைகளில் இட்டது. கிருமிக்கு இன்றியமையாததா, மனிதப் புரதத்தை ஒத்துள்ளதா, குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிரிகளையும் பாதிக்குமா என்பன அவற்றுள் சில. எஞ்சியவை 451. அதுவும் பெரிய எண்ணே. ஆயினும் நீக்கப்பட்ட ஒவ்வொன்றும் ஏன் நீக்கப்பட்டது என்பதற்குக் காரணம் பதிவாகியிருப்பதே இவ்வாய்வின் உண்மையான பயன் எனலாம்.

சென்னையில்

சூரிச் பல்கலைக்கழகத்தில் ஆந்திரேயாஸ் வாக்னருடன் உயிரமைப்புகளின் உறுதிப்பாடு குறித்து ஆய்ந்தபின், 2011இல் கார்த்திக் ராமன் சென்னைக்கு வந்தார். 2015இல் வெளியான ஃபாஸ்ட்-எஸ்எல் இங்கு உருவானது. ஒரு சாலையை அடைத்தால் கூட்டம் மாற்றுவழியில் சென்றுவிடும்; மாற்றுவழியையும் சேர்த்து அடைத்தால் நின்றுவிடும். அத்தகைய இணைகளையும் மும்மைகளையும் கண்டறிவதே இதன் நோக்கம். 2,000 வினைகளுள்ள வலையமைப்பில் இணைகள் ஏறத்தாழ 20 இலட்சம். மும்மைகளோ 133 கோடிக்கும் மேல். சிறந்த பாய்வு ஒன்றில் எவரும் நடக்காத சாலைகளை மட்டும் அடைப்பதால் அப்பாய்வு குலையாது என்னும் எளிய உண்மையைப் பற்றிக்கொண்டு, ஈ.கோலை மாதிரியில் மும்மைகளுக்கான தேடுபரப்பை இந்நெறிமுறை 4,000 மடங்குக்கு மேல் குறைத்தது.

அண்மைக்கால ஆய்வுகள் தனி உயிரணுவிலிருந்து குழுமத்திற்கு நகர்ந்துள்ளன. நாசாவின் கஸ்தூரி வெங்கடேஸ்வரன் உள்ளிட்டோருடன் 2022இல் வெளியிட்ட ஆய்வு, பன்னாட்டு விண்வெளி நிலையப் பரப்புகளில் வாழும் நுண்ணுயிரிகளிடையே நிகழும் கொடுக்கல் வாங்கலைக் கணக்கிட்டது. கிளெப்சியெல்லா நிமோனியே பிற பாக்டீரியங்களுக்கு உதவுவதாகவும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கு ஊறு செய்வதாகவும் மாதிரி கூறியது. பூஞ்சை பற்றிய கூற்று ஆய்வகத்திலும் சோதித்து உறுதிசெய்யப்பட்டது.

வரம்புகளும் வாய்ப்புகளும்

மரபணுக்கள் எப்போது இயங்கும், நொதிகள் எவ்வளவு விரைவாகச் செயல்படும் என்பவற்றைப் பாய்வுச் சமநிலை தன் அடிப்படை வடிவில் கணக்கிலெடுப்பதில்லை. உயிரணு வளர்ச்சியையே நோக்காகக் கொண்டுள்ளது என்பதும் ஓர் எடுகோளே. மனித நுரையீரலில் வளராமல் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமிக்கு இவ்வெடுகோள் பொருந்துமா என்பது எளிய வினா அன்று.

மறுபுறம், இத்தகைய ஆய்வுக்குத் தேவையான கோப்ராபை முதலிய மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கார்த்திக் ராமனின் என்பிடெல் பாடத்தொடரையும் இலவசமாகக் காணலாம். அவருடைய பாடநூல் 2021இல் வெளிவந்தது. கிருமிகளைக் கையாளும் உயர்பாதுகாப்பு ஆய்வகம் இல்லாத திருவண்ணாமலை போன்ற மாவட்டத் தலைநகரக் கல்லூரி ஒன்றும், கணினியைக் கொண்டே இக்கணக்கீடுகளைச் செய்து சரிபார்க்க இயலும். தடையாக எஞ்சுவது பெரிதும் மொழியே: பாடத்தொடரும் நூலும் ஆங்கிலத்தில் உள்ளன. இங்குப் ‘பாய்வு’ எனப்பட்டதைச் சிலர் ‘பாயம்’ என்றும் சிலர் ‘ஓட்டம்’ என்றும் எழுதக்கூடும்.