எட்டு மாதப் பிள்ளையும் தங்கும்

"ஏழு மாசப் பிள்ளை தப்பும், எட்டு மாசப் பிள்ளை தங்காது." குறைமாதத்தில் பிள்ளை பிறந்த வீட்டில் மூத்தவர் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார். கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் பழைய ஏடுகளிலும் இதே நம்பிக்கை உண்டு. இத்தனை பழமை இருந்தும் அது பொய். வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான். 37 வாரம் நிறையுமுன் பிறந்தால் குறைப்பிரசவம். 28 வாரத்துக்கும் முன்னால் என்றால் ஆபத்து மிக அதிகம். 2020இல் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் பிள்ளைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள்.

எட்டாம் மாதப் பிள்ளைகள் ஒரு காலத்தில் நிறையவே இறந்தார்கள் என்பதும் உண்மை. 1963 ஆகஸ்ட் 7இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் பேட்ரிக். ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தவன். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். நாட்டின் தலைசிறந்த வைத்தியர்கள் சுற்றி நின்றும் 39 மணி நேரமே உயிரோடு இருந்தான். அதே வாரத்தில், அதே எடையில் பிறக்கும் பிள்ளை இன்று குருநாகலிலோ பேராதனையிலோ பெரும்பாலும் பிழைத்துவிடும்.

இடையில் நடந்தது என்ன? நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளின் உட்புறத்தில் வழுவழுப்பான ஒரு பூச்சு சுரக்க வேண்டும். அது இல்லாவிட்டால், ஈரமான பொலித்தீன் பையின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்வதுபோல, ஒவ்வொரு மூச்சுக்குப் பிறகும் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளும். குறைமாதப் பிள்ளைகளின் நுரையீரலில் இந்தப் பூச்சு போதாது என்பதை மேரி எலன் ஏவரி 1959இல் கண்டறிந்தார். அந்தப் பூச்சையே மருந்தாக்கி நுரையீரலுக்குள் செலுத்தி வெற்றி கண்டதை 1980இல் ஜப்பானின் புஜிவாரா அறிவித்தார். அதற்கும் முன்பே, 1972இல், நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி இருவரும் அதைவிட எளிய வழியைக் காட்டியிருந்தார்கள்: பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீரோய்ட் ஊசி. வயிற்றில் இருக்கும்போதே பிள்ளையின் நுரையீரல் பக்குவப்படத் தொடங்கிவிடும். விலை குறைந்த மருந்துதான். ஆனால் முழுப் பலன் கிடைக்க ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும்.

கலேவெலக்காரர்கள் கவனிக்க வேண்டியது இந்த ஒரு நாளைத்தான்.

குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாகத் திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதியில் இருக்கிறது கலேவெல. தம்புள்ளை பக்கம்தான். குருநாகல் போதனா வைத்தியசாலை ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். கண்டியும் பேராதனையும் இன்னும் தூரம். ஒரு கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அந்த வீதி மிக நீளமானது. அதன் தோலுக்கடியில் கொழுப்பு இல்லை. பிறந்த சில நிமிடத்திலேயே உடல் குளிர்ந்துவிடும். சூடு ஒரு பாகை குறைந்தாலே இறப்பு அபாயம் கால்வாசிக்கு மேல் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் மிகச் சிறிய பிள்ளையைத் துடைக்கக்கூட நேரம் கடத்தாமல், கழுத்துவரை சுத்தமான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, தலைக்குத் தொப்பி போடுகிறார்கள்.

பிறந்த பிள்ளையை அம்புலன்ஸில் ஏற்றுவதைவிடப் பிறக்கப்போகும் பிள்ளையைத் தாயோடு சேர்த்து அனுப்புவதே மேல். தாயின் வயிற்றுக்கு ஈடான இன்கியுபேட்டர் எதுவும் இன்னும் செய்யப்படவில்லை. ஏழாம், எட்டாம் மாதத்தில் பன்னீர்க்குடம் உடைந்தாலோ, இரத்தம் கண்டாலோ, வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, "பொய்வலியாக இருக்கும், விடியட்டும்" என்று காத்திருக்கக் கூடாது; ஸ்டீரோய்ட் ஊசிக்கு வேண்டிய அந்த ஒரு நாள் கைநழுவிவிடும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கர்ப்பகாலப் பதிவு அட்டையைக் கையோடு எடுத்துப் போனால், எத்தனையாவது வாரம் என்பது வைத்தியருக்கு உடனே தெரிந்துவிடும்.

குறைமாதப் பிள்ளைகளை வைத்திருக்கும் விடுதியை வைத்தியசாலையில் எல்லோரும் 'பி.பி.யூ.' என்றே சொல்வார்கள். உள்ளே போகும் எவரும் முழங்கைவரை கை கழுவ வேண்டும். அங்கே மிகப் பெரிய எதிரி கிருமித்தொற்று. மூச்சுத் திணறும் எல்லாப் பிள்ளைக்கும் வென்டிலேட்டர் தேவைப்படுவதில்லை. பலருக்கு மூக்கில் பொருத்தும் சின்னக் குழாயே போதும். குழாயின் மறுமுனை ஒரு போத்தல் தண்ணீருக்குள் சில சென்ரிமீற்றர் ஆழத்தில் நிற்கும். அதனால் உண்டாகும் மெல்லிய அழுத்தம் நுரையீரலைச் சுருங்கவிடாது. போத்தலில் குமிழி வந்துகொண்டிருந்தால் எல்லாம் சரி. குமிழி நின்றுவிட்டால் எங்கோ குழாய் கழன்றிருக்கிறது என்று தாதி திரும்பிப் பார்க்கிறார்.

பால் கொடுக்கும் முறையும் பார்த்துப் பழக வேண்டிய ஒன்று. உறிஞ்சி விழுங்கிக்கொண்டே மூச்சும் விடும் ஒழுங்கு 34 வாரம் அளவில்தான் கைகூடும். அதுவரை வாய்வழியே வயிற்றுக்குள் மெல்லிய குழாய். ஊசி இல்லாத சிறிஞ்சை அதில் பொருத்தி உயர்த்திப் பிடித்தால் பால் தானாகவே இறங்கும், தள்ளக் கூடாது. தொடக்கத்தில் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மில்லிலீற்றர்தான். முதல் நாள் சீம்பால் சில சொட்டுகளே வருவதைப் பார்த்து, "எனக்குப் பால் இல்லையே" என்று அழும் தாய்மார் ஏராளம். அந்தச் சொட்டுகளே அப்போது போதும். குறைமாதக் குடலை அழுகவைக்கும் கொடிய நோயிலிருந்து பிள்ளையைக் காப்பதில் தாய்ப்பாலுக்கு நிகரில்லை.

தாயின் உடம்பே சிகிச்சை என்பதை 1978இல் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற வைத்தியர் நடைமுறையில் காட்டினார். இன்கியுபேட்டர் போதாமல், பிள்ளைகளைத் தாயின் வெறும் மார்பில் கட்டிவைத்தார். இதுவே கங்காரு முறை. இந்தியாவும் ஆபிரிக்க நாடுகள் நான்கும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. பிறந்த உடனேயே இப்படி அணைத்து வைத்த சிறு பிள்ளைகளிடையே இறப்பு கால்வாசி குறைந்தது. தகப்பனும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம்.

வீட்டுக்கு வந்தபின் பலர் தவறவிடுவது கண் பரிசோதனையை. உயிர் காக்கும் ஒட்சிசனே அளவு மீறினால் விழித்திரையைக் கெடுக்கும். 1950இல் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் பார்வை இழந்தது இப்படித்தான். இன்று லேசர் சிகிச்சை இருக்கிறது. ஆனால் அதற்கான காலம் சில நாட்களே. கிளினிக் அட்டையில் எழுதிய திகதியில், பிள்ளை எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும், கண் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.